அமாவாசைக் கெண்டை

எனக்குத் தூண்டில் போடத் தெரியாது. வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் தூண்டிலைக் கையில் பிடித்திருக்கிறேன். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். யார் மேல் என்றால், மாமனார் மேல், பிறகு என் மேல், கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுத அந்த மரியாதை மேல்.

வெள்ளைக்காரத் துரைமார் காலம். எல்கடுவ மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் டீமேக்கராக இருந்தேன். கொழுந்தை வாட்டுவது, அரைப்பது, காயவைப்பது எல்லாம் என் பொறுப்பு. மாமனாருக்கு மாத்தளை டவுனில் மிளகும் ஏலமும் கொக்கோவும் வாங்கி விற்கிற கடை, அலுவிகாரையில் வீடு. கார்த்திகையில் கல்யாணம் நடந்தது. அடுத்த ஐப்பசியில் எங்களுக்குத் தலைத்தீபாவளி.

தலைத்தீபாவளிக்கு மாப்பிள்ளை பெண்ணையும் அழைத்துக்கொண்டுதான் மாமனார் வீட்டுக்கு வருவார். நான் தனியாக வந்து பஸ்ஸில் இறங்கினேன். என் மனைவி ஆடியிலிருந்தே அப்பா வீட்டில்தான் இருந்தாள். ஆடி மழையில், ஏழாம் மாதத்திலேயே அவளுக்கு வலி கண்டு, பிறந்த பிள்ளை தங்கவில்லை. செய்தி கேட்டு மாமனார் மலையேறி வந்தார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. மகளைக் கம்பளியில் சுற்றி நாற்காலியில் வைத்து ஆட்களைத் தூக்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு இறங்கிப்போனார். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. அவளை எப்போது அனுப்புவார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்க முடியாது. எங்கள் ஆட்களிடையே இது ஒரு கணக்கு. பெண்ணைப் பெற்றவர்தான் "கூட்டிக்கிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டு, மாமனார் இல்லையென்றுவிட்டால், அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்க முடியாது. அவர் பங்குக்கு அவரும் மாப்பிள்ளையை நிற்க வைத்து எந்தக் கேள்வியும் கேட்க முடியாது. கேட்டால் வீட்டுக்கு வந்தவரை அவமானப்படுத்தியதாகிவிடும். ஆக இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு சிரித்த முகமாக இருக்க வேண்டியதுதான். துரை கொடுத்த லீவு அமாவாசையோடு முடிந்தது. மறுநாள் காலை பஸ்ஸில் நான் ஏறியாக வேண்டும். ஏறும்போது அவள் என் பக்கத்தில் இருப்பாளா, மாட்டாளா என்பதைத் தவிர என் தலைக்குள் வேறொன்றும் இல்லை.

தீபாவளியன்று மத்தியானம் இலையில் கறி பரிமாறிவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு அப்பா மீன் புடிக்கக் கூப்பிடுவாரு. மாட்டேன்னு சொல்லிடாதீங்க. அவருக்குத் தூண்டிலுன்னா உசுரு."

மிளகு மூட்டையோடு மல்லுக்கட்டுகிற மனுஷனுக்குத் தூண்டில் ஆசையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. போதாததற்கு மறுநாள் அமாவாசை. எங்கள் வீடுகளில் அமாவாசையன்று அடுப்பில் மீன் ஏறாது. ஆனால் மாமனாரின் ஆசைக்குக் குறுக்கே நிற்க நான் யார்? தலையாட்டிவிட்டேன். சாயந்திரம் அவர் கூடத்துக்கு வந்து, என்னைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய முருகன் படத்தைப் பார்த்து, "பல்லேபொலப் பக்கம் ஒரு குளம் இருக்கு. ஐப்பசியில கெண்டை நல்லா இருக்குமாம். மாப்பிள்ளைக்குச் சம்மதம்னா..." என்று இழுத்தார். சம்மதம் என்றேன். அடுப்படியில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. மாமியார்தான். அமாவாசை என்று சொல்ல வாயெடுத்து, மாப்பிள்ளை சம்மதித்துவிட்டாரே என்று வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும்.

காலையில் ஒற்றை மாட்டு வண்டி வாசலில் வந்து நின்றது. வண்டிக்காரர் டவுனைச் சேர்ந்த முஸ்லிம், மாமனாரின் கடைக்கு மூட்டை ஏற்றுகிறவர், அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இருந்தது எங்களுக்குப் பெரிய வசதி. மாமனார் எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவரிடம் சொன்னார். "மாப்பிள்ளைக்கு வெயில் படுதான்னு பாருங்க நானா." "படலைங்க" என்று நான் வண்டிக்காரரிடம் சொன்னேன். அந்த மனுஷன் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்திருப்பார். பாதி வழியிலிருந்து மாட்டின் கழுத்து மணியை மட்டும் கேட்டுக்கொண்டு போனோம்.

குளம் வயல்களுக்கும் காட்டுக்கும் நடுவே கிடந்தது. ஒரு வாரமாகச் சாயந்திரம்தோறும் பெய்த மழையில் குளக்கட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நின்றது. கட்டின் ஒரு முனையில் 'வான்'. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுவதற்காகக் கல் பாவிவிட்ட தாழ்வான வாய் அது. அப்போது அதன் மேல் பாதம் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடியது. அதைத் தாண்டினால் ஒரு மருதமர நிழல். மாப்பிள்ளை நிழலில் உட்கார வேண்டும் என்பதற்காக மாமனார் வானைத் தாண்டினார். அவர் தாண்டிவிட்டாரே என்று நானும் தாண்டினேன்.

வண்டிக்காரர் ரோட்டோரமாகவே நின்றுகொண்டார். கிழக்கே பார்த்துவிட்டு, "மொதலாளி, வானம் சரியில்ல. அஸர் தொழுகைக்கு முந்தித் திரும்பினா நல்லம்" என்று சத்தம் போட்டார். மாமனார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

தூண்டில், இரை டப்பா, மீன் போடுகிற, பன்புல்லில் முடைந்த பை, குடை, சோற்றுப் பொட்டலம் எல்லாவற்றையும் அவரே சுமந்துவந்தார். ஒன்றைக்கூட என் கையில் தரவில்லை. மாப்பிள்ளையைச் சுமக்க வைத்தால் ஊர் என்ன சொல்லும்? அந்தக் குளத்தங்கரையில் எங்களைப் பார்க்க இரண்டு கொக்குகளைத் தவிர யாரும் இல்லை.

உட்கார்ந்தோம். அவர் மண்புழுவை எடுத்து முள்ளில் கோர்க்கப் பார்த்தார். புழு நழுவி நழுவி விழுந்தது. ஒருமுறை முள் அவர் பெருவிரலிலேயே ஏறிவிட்டது. வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நான் என் தூண்டிலை வீசியபோது அது தலைக்கு மேல் மருதங்கொப்பில் மாட்டிக்கொண்டது. அவர் அதைப் பார்க்காதது மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எவ்வளவு மரியாதை!

அதற்குப் பிறகு தக்கையைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தோம். இப்போது கேட்டுவிடலாம், இப்போது கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் தொண்டை வரை வந்தது. அவரும் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். உயிரே போகிறது என்று நான் காத்திருக்க, "மாப்பிள்ளைக்குத் தாகமா இருக்கா?" என்றார். அடுத்த தடவை, "எறும்பு கடிக்குதா?" என்றார். எறும்பு கடித்துக்கொண்டுதான் இருந்தது. இல்லை மாமா என்றேன்.

சோறு சாப்பிட்ட பிறகு என் தக்கை சடக்கென்று உள்ளே போயிற்று. பதறிப்போய் இழுத்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு கெண்டை, வயிற்றுப் பக்கம் பித்தளை நிறத்தில் மினுங்கிக்கொண்டு கரையில் விழுந்து துள்ளியது. நான் பிடித்தேன் என்று சொல்ல முடியாது, அதுவாக வந்து மாட்டியது. மாமனார் எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அதைப் பொறுக்கினார். பையில் போட்டுப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சரி, இனிமேல் கிளம்பலாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் கிழக்கே வானம் மைபோலக் கறுத்துவிட்டது. காற்று நின்றுபோயிற்று. தவளைச் சத்தம்கூட இல்லை. குளத்துக்கு அந்தப் பக்கம் முதல் இடி விழுந்தது. போகலாம் மாமா என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. பெரியவர் உட்கார்ந்திருக்கும்போது சின்னவன் எழுந்திருப்பதா? அவரும் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை ஆசையாக உட்கார்ந்திருக்கும்போது மாமனார் எழுப்புவதா? மின்னல் கண்ணைப் பறித்தது. மரத்தடியில் உட்காரக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு தடிமாடுகள் மரத்தடியில் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மழை கொட்டியது. அவர் குடையை விரித்து எனக்குப் பிடித்தார். நான் அதை அவர் பக்கம் தள்ளினேன். அவர் என் பக்கம் தள்ளினார். நடுவில் நின்ற குடையால் இரண்டு பேருமே நனைந்தோம்.

தூரத்தில் வண்டிக்காரர் துண்டை ஆட்டிக் கத்தினார். மழைச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. அவர் கை காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில் பாதம் நனைத்த வான், செம்மண் நிறத்தில் பொங்கி இரைந்துகொண்டு போனது. நாங்கள் வீட்டுக்குப் போக அதைத் தவிர வேறு வழி கிடையாது. அந்தப் பக்கம் முழுக்கக் காடு.

வானின் ஓரத்துக்கு வந்து நின்றோம். "மாப்பிள்ளை முன்னாடி போங்க" என்றார்.

"இல்ல மாமா, நீங்க போங்க."

"அதெப்படி, நீங்க போங்க."

இந்தக் கூத்து நடக்க நடக்கத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் நான்தான் இறங்கினேன். முழங்காலுக்கு மேல் இருந்தது. பாசி பிடித்த கல். காலை எடுக்க முடியாமல் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தேன். தூண்டில்களையாவது தாருங்கள் என்று கை நீட்டியதற்கும் அவர் தரவில்லை. அக்கரையில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினேன். வானின் நடுவில் நின்றவர், தூண்டில் ஒரு கையில், குடை ஒரு கையில், கழுத்தில் பை, அப்படியே சாய்ந்து விழுந்தார்.

எப்படிப் பாய்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. வானுக்குக் கீழே பள்ளம். அதில் விழுந்தால் ஆள் மிஞ்ச மாட்டார். அவர் சட்டையின் கழுத்துப் பட்டி என் கைக்குக் கிடைத்தது. என் இன்னொரு கை கரையிலிருந்த ஒரு வேரைப் பிடித்திருந்தது. அவர் தலை தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது. அப்போதும் குடையை விடவில்லை!

"குடையை வுடுய்யா!" என்று கத்தினேன். "வுட்டுத் தொலைய்யா! கையைக் குடு!"

குடை போயிற்று. தூண்டில்கள் போயின. அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. வாயில் நிறைந்த தண்ணீரைத் துப்பிக்கொண்டு, "வுட்டுறாத, வுட்டுறாத" என்றார். மாப்பிள்ளையும் இல்லை, 'ங்க'வும் இல்லை. வண்டிக்காரர் ஓடி வந்து என் இடுப்பைப் பிடித்து இழுக்க, மூன்று பேரும் கட்டின் மேல் சேறும் சகதியுமாகப் போய் விழுந்தோம். "யா அல்லாஹ்" என்று அவர் ஒருமுறை சொன்னார். பிறகு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

மாமனார் மழையிலேயே உட்கார்ந்திருந்தார். இரைந்து ஓடும் வானைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார். "அன்னைக்கு எம் புள்ள வலியில கெடந்தப்ப நீ எங்கயிருந்த? பாக்டரியிலயா?"

நான்கு மாதமாக அவர் நெஞ்சில் கிடந்தது அதுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் மரியாதை எந்த மூலைக்குப் போனதோ தெரியவில்லை.

"பாக்டரியிலயா? மருந்தையாவைக் கூட்டிவர கீழ் டிவிசன் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன் மாமா. கூட்டிக்கிட்டு வாறதுக்குள்ள எங்க வீட்டுக்கு முன்னாடி ஆறு பெருகிருச்சு. அந்தப் பக்கம் அவ கத்துறது எனக்குக் கேக்குது. இந்தப் பக்கம் நானும் மருந்தையாவும் நிக்கிறோம். ரெண்டு தடவை எறங்கிப் பாத்தேன், அவருதான் இழுத்துப் போட்டாரு. தண்ணி வடிஞ்சு போய்ப் பாத்தப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு."

அவர் வாய் திறந்தபடி என்னைப் பார்த்தார். "நீ பாக்டரியில இருந்தேன்னுல்ல யாரோ சொன்னாங்க. ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

"மாப்பிள்ளையை எப்படிக் கேக்குறது?" என்றார். சொல்லிவிட்டு இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. பிள்ளை போன நாளிலிருந்து அதுவரை யார் முன்னாலும் நான் அழுததில்லை.

கொஞ்சம் ஓய்ந்த பிறகு, "மழையில அந்த ஆறு இப்பவும் அப்படித்தானா?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். பாலம் போடப்போகிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மறுநாள் அவள் என்னோடு பஸ்ஸில் இருந்திருப்பாள். ஆனால் அந்தத் தண்ணீரிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்த மனுஷனிடம் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. "அப்படித்தான் மாமா" என்றேன்.

"ரோட்டுப் பக்கம் வீடு ஒண்ணும் இல்லியா?"

"கிளாக்கருக்குன்னு ஒண்ணு இருக்கு. நமக்கெல்லாம் தரமாட்டாங்க."

அவர் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. ஆனாலும் விசித்திரமாக, மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. வண்டியில் திரும்பும்போது என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வண்டிக்காரரைத் தூது விடாமல் என் முகத்தைப் பார்த்து, மழை விடுகிற வரைக்கும், தை பிறக்கும் வரைக்கும் அவள் இங்கேயே இருக்கட்டும், தானே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. சரி என்றேன். இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம் என்ற திருப்தியோடு, நனைந்த கோழிகளாக விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டு வாசலில் இறங்கினோம்.

வாசலில் மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். மாமனார் கழுத்திலிருந்த பையை எடுத்து நீட்டினார். மாமியார் அதை வாங்கவில்லை. "அமாவாசை" என்றார், ஒரே வார்த்தை. மாமனார் என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளைக்குத் தூண்டிலுன்னா உசுருன்னு புள்ள சொன்னிச்சே. அதுக்காகத்தானே போனது" என்றார். எனக்கா, உங்களுக்கல்லவா என்றேன் நான். நாங்கள் இருவரும் கதவருகே நின்ற என் மனைவியைத் திரும்பிப் பார்த்தோம்.

"ஆமா, நான்தான் சொன்னேன். ரெண்டு பேர்கிட்டயும்" என்றாள் அவள். "தனியா விட்டாலாச்சும் பேசுவீங்கன்னு பாத்தேன். பேசினீங்களா?"

பேசினோம் என்று மாமனார் பெருமையாகச் சொன்னார். மழை முடியும் வரை அவள் இங்கேயே இருப்பதாக முடிவு செய்த கதையையும் சொன்னார். அவள் பின்னால், கதவோரம், அவளுடைய தகரப் பெட்டி பூட்டி வைக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன்.

"சரி. என்னைய எப்பக் கேக்கப் போறீங்க?" என்றாள்.

கூரையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, நீங்க மலைக்கு வந்து அள்ளிக்கிட்டு வந்தப்பவும் கேக்கல. நீங்க" என்று என் பக்கம் திரும்பினாள், "நாலு மாசமா வரலாமான்னு ஒரு சொல்லு கேட்டு அனுப்பல. ஆத்துக்கு அந்தப் பக்கம் நீங்க நின்னீங்க. சரி. இந்தப் பக்கம் கெடந்தது நானு." அவள் குரல் உடையவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. "நான் வாறதுக்குத் தயாராத்தான் இருக்கேன். ஆனா ஆத்தைத் தாண்டி அந்தப் பழைய வீட்டுக்கு வர மாட்டேன். தொரைகிட்டப் போய் ரோட்டுப் பக்கத்து வீட்டைக் கேளுங்க. கேட்டுட்டு வந்து கூட்டிக்கிட்டுப் போங்க."

"அது கிளாக்கருக்குன்னு..."

"கேட்டீங்களா?" என்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் நான் தனியாகத்தான் ஏறினேன். அந்தக் கெண்டை வண்டிக்காரர் வீட்டுச் சட்டிக்குப் போயிற்று. அந்த வீட்டில்தான் அமாவாசை கிடையாது. மாமனார் பஸ் வரைக்கும் வந்தார். என் பையை நானே தூக்கினேன், அவர் தடுக்கவில்லை.

இறங்கிய கையோடு பங்களாவுக்குப் போனேன். துரை முன்னால் நின்று எனக்காக எதையும் அதுவரை கேட்டதில்லை. தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். துரை எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. கிளாக்கர் சித்திரையிலேயே மேல் டிவிசனுக்கு மாறிவிட்டார், அந்த வீடு அன்றிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது, நீ ஏன் முன்னமே கேட்கவில்லை என்றார். ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து மேசைமேல் போட்டார்.

சித்திரை. பிள்ளை பிறந்து இறந்தது ஆடியில். அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பங்களாப் படியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. தோட்டக்காரன் வந்து எழுப்பினான்.

வீடு கிடைத்த செய்தியைச் சொல்லியனுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனாரே பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவளைக் கூட்டிவந்தார். வீட்டைத் திறந்தபோது பூசணம் நாறியது. அவள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எப்பலேருந்து காலியாக் கெடக்கு?" என்று கேட்டாள். மறைக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. சொல்லிவிட்டேன். மாமனார் வெளியே போய் நின்றுகொண்டார். அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். சாயந்திரம் வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தேன். மழை பிடித்தது. மூலையில் கூரை ஒழுக ஆரம்பித்தது. அவள் எழுந்து போய் அதன் கீழே ஒரு சட்டியை வைத்தாள்.

"கூரை ஒழுகுது" என்றாள். "நாளைக்கே போய்க் கேளுங்க."